எங்கள் ஜிம்மி

நாய் நன்றியுள்ள பிராணி என்று சிறு வகுப்பிலேயே கட்டுரை எழுதிப் பழகியவர்கள் நாம். ஆனால் எல்லா நாய்களும் ஒரே குணம் உடையவை அல்ல. ஆடு மேய்க்க வளர்க்கப்பட்ட நாய் வேறு. காவலுக்கென வளர்க்கப்பட்ட நாய் வேறு. வளைக்குள் புகுந்து நரியை விரட்ட வளர்க்கப்பட்ட நாய் வேறு. இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவன்தான் எங்கள் ஜிம்மி. ‘ஜாக் ரஸல் டெரியர்’ என்பது அவன் இனத்தின் பெயர்.

சகோதரிகளாகிய நாங்கள் இருவரும் கேட்டு அவன் வரவில்லை. அப்பாவின் நண்பர் ஒருவர் மாற்றலாகி வெளிமாநிலம் சென்றார். அங்கே அடுக்குமாடி வீட்டில் நாய்க்கு இடமில்லை என்று, இரண்டு வயது ஜிம்மியை எங்களிடம் விட்டுச் சென்றார். வெள்ளை உடல், ஒரு கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டு, முன்பக்கம் மடிந்த சிறு காதுகள். எடை 6 கிலோதான். அவன் செய்த சேட்டைகளுக்கோ எடைக்கல் கிடையாது! வந்த ஒரே வாரத்தில் அம்மாவின் மல்லிகைப் பாத்தியைத் தோண்டிப் போட்டான். பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தினான். அணில் கத்தினால் அவனும் கத்தினான்.

“இது நாயா, பெருச்சாளியா? யாரிடமாவது கொடுத்துவிடு” என்றார் பாட்டி. “ஒரு மாதம் பார்ப்போம், அம்மா” என்றார் அப்பா. அந்த ஒரு மாதம் எங்களுக்கு முழுஆண்டுத் தேர்வைப்போல் இருந்தது. ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்தவன் மறு வீட்டையும் இழப்பதா? இவன் ஏன் இப்படி இருக்கிறான் என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

லத்தீன் மொழியில் ‘டெர்ரா’ என்றால் மண். அச்சொல்லிலிருந்து வந்ததே டெரியர் என்னும் பெயர். இந்த இனத்துக்குப் பெயர் தந்தவர் ஒரு குருவானவர் என்று அறிந்து வியந்தோம். அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த ஜான் ரஸல் (1795–1883). 1819-ஆம் ஆண்டு, ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது, ஒரு பால்காரரிடம் ‘ட்ரம்ப்’ என்ற வெள்ளைப் பெண் நாயைக் கண்டு விலைக்கு வாங்கினாராம். பின்னர் டெவன் மாவட்டத்தில் ஸ்விம்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் பங்குக் குருவாக இருந்துகொண்டே, இத்தகைய நாய்களைப் பெருக்கினார்.

அந்நாட்களில் நரி வளைக்குள் ஒளிந்துகொண்டால், இந்தச் சிறு நாயை உள்ளே அனுப்புவார்கள். வளைக்குள் நுழைய ஒடுங்கிய மார்பு வேண்டும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பை இரு கைகளால் வளைத்துப் பிடிக்க முடிய வேண்டும் என்பது இன்றும் இவ்வினத்தின் அளவு. நரி என்று தவறாக எண்ணிவிடாதிருக்க வெள்ளை நிறம் வேண்டும். மேலே நிற்பவர்களுக்கு இடம் தெரியும்படி விடாமல் குரைக்க வேண்டும். இருட்டில் எஜமானின் கட்டளை எட்டாது. ஆகவே தானே முடிவெடுக்கும் பிடிவாதமும் வேண்டும்.

இதைப் படித்ததும் எங்களுக்கு ஓர் உண்மை விளங்கியது. தோண்டுவது, குரைப்பது, பிடிவாதம் பிடிப்பது என்று நாம் எவற்றைக் குற்றம் என்கிறோமோ, அவற்றையே திறமை என்று மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறான். நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதை இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. வேலை போயிற்று, குணம் போகவில்லை. அதற்கு ஜிம்மி என்ன செய்வான்?

ஆகவே அவனுக்கு வேறு வேலை கொடுத்தோம். முருங்கை மரத்தடியில் மணல் கொட்டி, அதற்குள் பந்தைப் புதைத்து வைத்தோம். இப்போது அவன் தோண்டுவது அங்கேதான். தினமும் இரு வேளை நடக்க அழைத்துச் செல்கிறோம். நம் ஊர் வெயிலில் தார்ச்சாலை அவன் பாதங்களைச் சுட்டுவிடும். அதனால் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் மட்டுமே செல்கிறோம். பூனை, கோழியைக் கண்டால் பாய்வான் என்பதால் கயிற்றை விடுவதில்லை. ஐந்தைந்து நிமிடமாகப் பழக்குகிறோம். அடிப்பதில்லை, சொன்னதைச் செய்தால் ஒரு துண்டு வெந்த கோழிக்கறி.

வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் போடுகிறோம். வாரம் இருமுறை தூரிகையால் வாரி, காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கிறோம். உண்ணியால் வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தாகும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்களுக்கு நஞ்சு என்பதைத் தோழியர் நினைவில் வைக்க வேண்டும்.

அது சரி, பாட்டி? பழைய இசைத்தட்டுகளில் ஒலிபெருக்கிக் குழாய்முன் அமர்ந்திருக்குமே, அந்த நிப்பர் என்ற நாயும் டெரியர் கலப்பினம்தான். 1884-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தது என்று படித்துக் காட்டினோம். “அட, நம்ம ரெக்கார்டு நாயின் சொந்தக்காரனா!” என்று அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார். அடுத்த வாரம் ஜிம்மி கிணற்றடிச் சுவரருகே நின்று விடாமல் குரைத்தான். போய்ப் பார்த்தால், அடித்தளத்தையே குடைந்துகொண்டிருந்த உண்மையான பெருச்சாளி வளை! கொத்தனார் வந்து அதை அடைத்தார். அன்று மாலை ஜிம்மியின் தட்டில் பாட்டியே தயிர்சாதம் வைத்தார். அப்பா சொன்ன ஒரு மாதம் முடிந்த நாளை வீட்டில் யாருமே கவனிக்கவில்லை.

அன்புத் தோழியரே! இவ்வகை நாய் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இன்று ஆறாம் வகுப்பில் படிப்பவர் பட்டம் பெற்று வேலைக்குச் செல்லும் காலத்திலும் அது வாசலில் காத்திருக்கும். அழகான குட்டி என்று வாங்கிவிட்டுப் பின்பு தெருவில் விடுவது பெரும் பாவம். அதன் குணத்தை முதலில் அறியுங்கள். நம் வீட்டில் அதற்கு இடமும் நேரமும் உண்டா என்று பெற்றோருடன் கலந்து பேசுங்கள். வாயில்லா ஜீவனைப் புரிந்துகொள்ளப் பழகியவர், வாயுள்ள மனிதரையும் பொறுமையோடு புரிந்துகொள்வார் என்பது ஜிம்மி எங்களுக்குக் கற்பித்த பாடம்.