நிறம் போனாலும் உப்பு போகாது

கொங்கு நாட்டில் பெரியவர்கள் நாக்கில் வைத்தே நல்ல தண்ணி, சப்பைத் தண்ணி, உப்புத் தண்ணி என்று பிரித்துவிடுவார்கள். சாயக்கழிவு கலந்த நொய்யல் தண்ணீரை வாயில் வைக்க யார் துணிவார்கள்? கண்ணை நம்பினாலும் மோசம்தான். கழிவுநீரிலிருந்து நிறத்தை எடுத்துவிடலாம். சாயம் துணியில் ஏறுவதற்காகச் சேர்த்த உப்பு அதோடு போய்விடாது. தெளிந்த தண்ணீர் என்று மடை திறந்தால், இலை நுனி கருகும்போதுதான் விஷயம் தெரியும்.

ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் தேங்கியதோ திருப்பூர்ச் சாயக்கழிவு. கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் கரையோர நிலங்களில் உப்பு ஏறிவிட்டது.

நிலம் கெடும் முன்பே தண்ணீரைச் சோதிக்க இன்று பெரிய செலவில்லை. பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. கரைந்துள்ள உப்பின் அளவை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் காட்டும். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல்படி 450-க்குள் இருந்தால் பாசனத்துக்குத் தடையில்லை. 450 முதல் 2,000 வரை பயிரையும் மண்ணையும் பார்த்துப் பாய்ச்ச வேண்டும். அதற்கு மேல் போனால் ஆபத்து.

2,000 என்றால் என்ன? ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்ச சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அதோடு 200 கிலோ உப்பும் வயலுக்குள் போகிறது. ஐம்பது கிலோ மூட்டையில் நாலு மூட்டை! காசு கொடுத்து வாங்கி யாராவது வயலில் கொட்டுவார்களா?

ஓடும் தண்ணீரில் பாத்திரத்தை மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் அளந்து, தேதியோடு நோட்டில் எழுத வேண்டும். மழை வெள்ளத்தில் எண் குறையும், கோடையில் ஏறும். ஒருநாள் அளவை வைத்து முடிவுக்கு வர முடியாது. ‘தண்ணி கெட்டுப்போச்சு’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் தட்டிக்கழிப்பவர்கள்கூட, ஒரு வருடக் கணக்கைக் காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த மீட்டருக்கு உப்பின் அளவு மட்டுமே தெரியும். அதில் சோடியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதற்கு வருடம் ஒருமுறையாவது மண், நீர் பரிசோதனை நிலையத்துக்குத் தண்ணீர் மாதிரி அனுப்ப வேண்டும். பூச்சிமருந்து, கன உலோகம், நோய்க்கிருமி எதுவும் மீட்டரில் தெரியாது. எண் குறைவாக இருக்கிறதே என்று ஆற்றுத் தண்ணீரைக் குடித்துவிடக் கூடாது.