தேயிலை மலையில் ஒரு கொல்லைப்புறம்

பலாங்கொடை என்ற ஊர்ப் பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அறிவார்கள். இலங்கையில் தஃப்தர் ஜெய்லானிக்குப் போனவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் வழியாகத்தான் போயிருப்பார்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகப் பஸ்ஸில் சென்றால் முதலில் ரப்பர் மரங்கள், மேலே ஏற ஏறத் தேயிலை. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரண்டு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்ரகமுவ மாகாணம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னை மழையைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். குச்சியை ஊன்றினாலும் தழைக்கும் பூமி.

அங்கே 'தோட்டம்' என்றால் வீட்டுத் தோட்டம் அல்ல. தேயிலை, ரப்பர் எஸ்டேட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வீட்டருகே கீரை, காய் போடும் இடம் 'மரக்கறித் தோட்டம்'. காய்கறிக்கு அவர்கள் சொல்லும் பெயர் மரக்கறி.

கேகாலை மாவட்டத்தில் மாவனல்லை, ஹெம்மாதகமை பக்கம் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய உண்டு. அந்தக் கிராமத்து வீடுகளைச் சுற்றிப் பலா, ஈரப்பலா, தென்னை, கமுகு எல்லாம் நிற்கும். மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். சாதிக்காயும் கராம்பும் கொல்லையிலேயே காய்க்கும். பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கும்!

தோட்டத்து லயத்தில் காட்சி வேறு. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். பழைய லயத்து அறை 10 அடிக்கு 12 அடிதான். முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு, அதாவது திண்ணை. கானுக்கும் மலைச்சரிவுக்கும் இடையே கிடைக்கும் துண்டு நிலம்தான் கொல்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் வேலைக்குப் போகுமுன்போ, மாலையில் திரும்பிய பிறகோ அதைக் கொத்துகிறார்கள். வல்லாரை, பொன்னாங்காணி, வெண்டி, பயற்றங்காய், மரவள்ளி, கொச்சிக்காய், கறிவேப்பிலை. தண்ணீர் வடியும் பீலிக்கரையில் ரம்பை. காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் சோற்றுக்கு மணம் சேர்க்கும் அதே ரம்பைதான். ஈரம் இருந்தால் போதும், பக்கக்கன்றைப் பிடுங்கி நட்டால் பிடித்துக்கொள்ளும்.

மழை அதிகம் என்பது வரம் மட்டுமல்ல. சரிவில் கொத்திய மண்ணை ஒரே மழை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் கல் அடுக்கி வரப்புக் கட்டி, பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காக, உயர்த்திப் போடுவார்கள். இடம் இல்லாதவர்கள் பழைய உரச்சாக்கில் மண் நிரப்பிக் கத்தரியும் மிளகாயும் வைக்கிறார்கள். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும். போஞ்சிக்கும் தக்காளிக்கும் ஆகாது. அடுப்புச் சாம்பலைத் தூவினால் புளிப்பு குறையும். சமையலுக்கு விறகு எரிக்கும் வீடுகளில் சாம்பலுக்கு ஏது பஞ்சம்? இத்தனை செய்தும் கிழங்கு விளைந்தால் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் பங்குக்கு வந்துவிடும். கீரை பறிக்கப் போனால் காலில் அட்டை ஏறும்.

பூவுக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். இஸ்தோப்பு ஓரத்தில் செவ்வந்தி, செவ்வரத்தை, ரோஜா. தலையில் சூடவும் மாரியம்மன் கோயிலுக்கும் ஆகும். நிழலும் ஈரமும் விரும்பும் அந்தூரியம் தகர டின்னில்கூடப் பூக்கிறது.

இது பொழுதுபோக்கு என்று யாராவது நினைத்திருந்தால் 2022ஆம் ஆண்டு அந்த எண்ணத்தை மாற்றியிருக்கும். முந்தைய ஆண்டு இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து விளைச்சல் சரிந்திருந்தது. அதோடு டாலர் தட்டுப்பாடும் சேர்ந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 95 சதவீதம் ஏறிவிட்டது. வீட்டுத்தோட்டம் போடட்டும் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைகூட அறிவித்தார்கள். நாட்கூலிக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த விடுமுறை ஏது? அவள் அந்திக் கருக்கலில்தான் மரவள்ளிக் குச்சி நட வேண்டும்.

அந்தக் கொல்லைகளில் ஒன்று கண்ணை உறுத்தும். கிராமத்து வீட்டில் இருக்கும் பலாவும் தென்னையும் இங்கே குறைவு. நாற்பது நாளில் பறிக்கும் கீரைதான் அதிகம். காரணம் மண் அல்ல. நிலம் அவர்களுடையதல்ல, தோட்டத்துடையது. நாளை அந்த இடத்தைத் தோட்டம் கேட்டால் விட வேண்டியதுதான். மரம் வைக்க யாருக்கு மனம் வரும்? தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்களின் நிலைமை இது.

அண்மைக் காலத்தில் இந்திய உதவியுடன் மலையகத்தில் கட்டிய 4,000 தனி வீடுகளுக்கு, வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் என்று நிலம் ஒதுக்கினார்கள். சுமார் 1,900 சதுர அடி. நம் கணக்கில் நாலரை செண்டுக்குச் சற்றுக் குறைவு. வீடு போக மிஞ்சுவது சிறிதே என்றாலும் ஓரத்தில் ஒரு பலாக்கன்றுக்கு இடம் இருக்கும். கொட்டையிலிருந்து முளைத்த பலா காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும். அத்தனை ஆண்டு காத்திருக்கத் தைரியம் தரும் உறுதிப் பத்திரம், லயத்துக் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு இன்னும் கைக்கு வரவில்லை.