தாத்தா வாழ்த்தும்போது எக்கோ எதுக்கு?

காட்பாடி பக்கம் கல்யாண ரிசப்ஷன் என்றால் பாட்டுக் கச்சேரி இல்லாமல் இருக்காது. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முடித்து சொந்தக்காரர்கள் வந்து சேர மணி எட்டாகிவிடும். அப்போதுதான் யாராவது பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். "தாத்தா ரெண்டு வார்த்தை பேசணுமாம்."

தாத்தா கைக்கு வருவது பாடகர் பிடித்திருந்த அதே மைக். பாட்டுக்கு வைத்த எக்கோவும் அப்படியே இருக்கும். 'நல்லா இருங்க' என்று அவர் சொன்னால், 'ருங்க... ருங்க...' என்று சுவரில் மோதித் திரும்பும். பேத்திக்காக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு அது. முதல் வரிசைக்கே புரியாது. அவரும் பாதியில் முடித்துக்கொண்டு மைக்கைக் கொடுத்துவிடுவார்.

மிக்சர்காரரைத் திட்டிப் பயனில்லை. அவர் உட்கார்ந்திருப்பது மண்டபத்தின் கடைசியில். அங்கிருந்து போட்டோகிராபர்களின் முதுகுதான் தெரியும்! மைக் கை மாறுவதை முதலில் பார்ப்பவர் மேடையில் இருக்கும் கீபோர்டு கலைஞர். எக்கோவை நிறுத்தும் பெடல் அவர் காலடியில் இருப்பதே நியாயம்.

டிஜிட்டல் மிக்சரில் இது கஷ்டமில்லை. குரல் நேராக ஸ்பீக்கருக்குப் போவது ஹைவே. அதே குரலின் நகல் 'பஸ்' என்ற பாதையில் எஃபெக்ட்டுக்குப் போய், எக்கோவாகத் திரும்பி வந்து சேர்வது சர்வீஸ் ரோடு. சர்வீஸ் ரோட்டை அடைத்தாலும் ஹைவே ஓடும். எங்கே அடைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எக்கோ திரும்பி வரும் பக்கத்தை மியூட் செய்தால், சத்தம் கத்தரித்த மாதிரி நிற்கும். போகும் பக்கத்தை மியூட் செய்தால், கடைசி எக்கோ தானாக அடங்கும். அதுதான் காதுக்கு இதம். அந்த நகலை ஃபேடருக்குப் பின்னால் எடுக்க வேண்டும் என்பதும் முக்கியம். முன்னால் எடுத்தால், குரலைக் குறைத்த பிறகும் எக்கோ மட்டும் பேய் மாதிரி கேட்கும்.

பெடலையும் மிக்சரையும் பேச வைப்பது மிடி. 1983-ல் வந்த ஏற்பாடு. இளையராஜா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்திய 'புன்னகை மன்னன்' வந்தது 1986-ல் என்றால், இதன் வயது புரியும். மிடி ஒயரில் பாட்டு போகாது, கட்டளை மட்டுமே போகும். 0 முதல் 127 வரையிலான எண்கள். பெரும்பாலும் 127 வந்தால் மியூட், 0 வந்தால் திறப்பு. எந்த எண் எந்தப் பட்டனுக்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

சிலர் 'பேச்சு' என்று தனி சீன் சேமித்து, அதைப் பெடலில் வரவழைக்கிறார்கள். ஆபத்தான வேலை. காலி மண்டபத்தில் மதியம் சேமித்த சீன், கூட்டம் வந்த பிறகு மாற்றிய அளவுகளையெல்லாம் பழையபடி ஆக்கிவிடும். மைக் 'கீய்ங்' என்று கத்தலாம். ஒரே ஒரு மியூட் போதும்.

மிடி கேபிள் 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெரிய மண்டபத்தில் அது கடைசி வரிசைக்கு எட்டாது. மேடையில் வைக்கும் ஸ்டேஜ் பாக்ஸில் மிடி சாக்கெட் இருந்தால், பெடலை அதில் செருகிவிடலாம்.

மதியமே ஒருவரைக் கடைசி வரிசையில் நிற்க வைத்து, பெடலை மிதித்துப் பேசிப் பார்த்துவிடுவது நல்லது. 'ஹலோ, மைக் டெஸ்ட்' வேண்டாம். கல்யாணப் பெண் பெயரையே சொல்லிப் பார்க்கலாம்.