தாழப் பறத்தல்

1921ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டிராய் நகருக்கு அருகே, ஜான் மக்ரெடி என்னும் படை விமானி ஒரு மரத்தோப்பின்மீது தாழப் பறந்து நச்சுத்தூளைத் தூவினார். இலைகளைத் தின்றழித்த புழுக்கள் மடிந்தன. வானிலிருந்து பயிர் காக்கும் தொழில் அன்று பிறந்தது. அதனோடு ஓர் இடரும் உடன்பிறந்தது.

உயரப் பறக்கும் விமானிக்கு உயரமே சேமிப்பு. இயந்திரம் நின்றாலும் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடுவதில்லை; காற்றில் சறுக்கியவாறே இறங்கும். அதற்குள் பழுதை ஆராயலாம். இறங்க இடம் தேடலாம். மருந்து தெளிப்பவரோ பயிருக்கு மேலே ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில் பறக்கிறார். தொட்டி நிறைய மருந்து. எதிரே மரங்களும் மின்கம்பிகளும். அங்கு இயந்திரம் ஓயுமாயின் அவருக்குக் கிடைப்பவை சில நொடிகளே.

அந்நொடிகளில் அவரிடம் எஞ்சியிருப்பது வேகம் ஒன்றே. அதனைச் சிறிதளவு உயரமாக மாற்றிக்கொள்கிறார்; கைப்பிடியை இழுத்து மருந்துச் சுமையைக் கொட்டிவிடுகிறார்; பின்னர் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, நேரெதிரே தென்படும் நிலத்தில் இறங்குகிறார். புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்னும் ஆசைதான் கொடியது. குறைந்த வேகத்தில் மிகுதியாகச் சாய்ந்து திரும்பினால் இறக்கைகள் தாங்கும் விசையை இழக்கும். விமானம் தலைகுப்புற வீழும். எனவே, காக்கவேண்டியது விமானத்தையா, உயிரையா என்னும் வினாவிற்குத் தரையிலேயே விடைகண்ட பின்னரே அவர் மேலேறவேண்டும்.

வடிவமைப்பாளரும் இதனை உணர்ந்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பழைய பயிற்சி விமானங்கள் பல மருந்து தெளிக்க மாற்றியமைக்கப்பட்டன. அவை அப்பணிக்கெனப் பிறந்தவையல்ல. 1950இல் டெக்சாஸ் வேளாண்மை, இயந்திரவியல் கல்லூரியில் பிரெட் வீக் என்பார், தெளிப்புப் பணிக்கென்றே ஏஜி-1 என்னும் விமானத்தை உருவாக்கினார். பின்னர் அவர் வடிவமைத்த பைப்பர் பானியில் முன்னே இயந்திரம், அடுத்து மருந்துத் தொட்டி, அதற்கும் பின்னே உயர்ந்த இருக்கையில் விமானி என அமைந்தது. தரையில் மோதும்போது முன்பகுதி படிப்படியாக நசுங்கி அதிர்ச்சியை ஏற்கும்; விமானியைச் சூழ்ந்த எஃகுக்கூடு அவரைக் காக்கும். இயந்திரம் ஒருநாள் ஓயக்கூடும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்ட அறிவின் பயன் இது.

விளைந்த பயிரில் சிறிது அழியலாம். விமானமும் பயனற்றுப் போகலாம். விமானி உயிருடன் இல்லம் திரும்புவாராயின், அத்தரையிறக்கம் தன் பணியைச் செய்து முடித்ததாகும்.