கடல் நடுவே ஒரு புள்ளி

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

1968-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பந்தயம் அறிவிக்கப்பட்டது. தன்னந்தனியாக, எந்தக் கரையிலும் தங்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வரவேண்டும். ஒன்பது பேர் புறப்பட்டனர். முடித்தவர் ஒருவரே. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் அவருடைய ‘சுஹைலி’ நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகு என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்! வழியில் அவரது வானொலி பழுதாகிவிட்டது. பல மாதங்கள் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே எவருக்கும் தெரியவில்லை. 312 நாட்கள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று, ஃபால்மவுத் துறைமுகத்தில் வந்து நின்றார்.

அதே பந்தயத்தில் டொனால்டு குரோஹர்ஸ்ட் என்பவரும் இருந்தார். அவருடைய வானொலி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் படகு பெருங்கடலைத் தாங்காது என்று கண்டுகொண்ட அவர், அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாகப் பொய்யான இடங்களை அறிவித்தார். 1969 ஜூலை 10 அன்று அவருடைய படகு தனியே மிதந்து கிடைத்தது. அதில் ஆள் இல்லை. நான்கு பிள்ளைகளின் தந்தை அவர். நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார். இதை வகுப்பில் படித்தபோது எங்களில் பலருக்குக் குரோஹர்ஸ்ட் மேல் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

பேசாதவர் உண்மையாகச் சுற்றி வந்தார். பேசியவர் பொய் சொன்னார். ஆகவே இன்று சாதனை என்று ஒப்புக்கொள்ள வேண்டுமானால், படகு சென்ற வழியை மனிதர் கைபடாமல் பதிவு செய்யும் கருவி வேண்டும். உலகைச் சுற்றியதாகச் சாதனைக் கணக்கில் ஏற, குறைந்தது 21,600 கடல்மைல் ஓடியிருக்கவும் வேண்டும்.

இத்தனையும் எதற்கு என்று கேட்கிறீர்களா? 2025 மே மாதம், நம் கடற்படையின் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, லெப்டினன்ட் கமாண்டர் ரூபா என்ற இருவர் எட்டு மாதங்களில் உலகைச் சுற்றிக் கோவா திரும்பினர். ரூபா நம் புதுச்சேரிக்காரர். வழியில் அவர்கள் ‘நீமோ முனை’ என்னும் இடத்தைக் கடந்தார்கள். அங்கிருந்து மிக அருகிலுள்ள நிலமே 2,688 கிலோமீட்டர் தொலைவில்! விண்வெளி நிலையம் தலைக்கு மேலே செல்லும்போது, 400 கிலோமீட்டரில் இருக்கும் அதன் வீரர்களே அண்டை வீட்டார். அந்தச் செய்தியைப் படித்த எங்கள் இயற்பியல் சிஸ்டர், “இப்படி ஒரு பயணத்துக்குக் கண்காணிப்புக் கருவி வாங்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால் எதை வாங்குவீர்கள்?” என்று கேட்டு, அதையே அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்பாகவும் தந்துவிட்டார்கள். சோடா உப்பில் எரிமலை செய்யும் வேலை மற்றப் பிரிவுகளுக்குப் போயிற்று.

முதலில் நாங்கள் தெரிந்துகொண்டது, ஜி.பி.எஸ். கருவிக்குக் காது மட்டுமே உண்டு, வாய் இல்லை என்பது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலுள்ள துணைக்கோள்களில் நான்கின் ஒலிபரப்பையாவது கேட்டு, தான் இருக்குமிடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். அதோடு சரி. அந்த இடத்தைக் கரைக்குச் சொல்ல வேறு துணைக்கோள் வேண்டும். அதில்தான் பணமும் சிக்கலும். நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டரில் நிற்பவற்றை நம்பினால், ஹார்ன் முனைபோலத் தெற்கே 56 பாகையில், அவை அடிவானத்துக்குப் பக்கத்தில் தாழ்ந்து தெரியும். குதிக்கும் சிறு படகிலிருந்து அவற்றை நோக்கி ஏரியலைப் பிடித்துக்கொண்டிருப்பது எளிதன்று. வேறு சில மலிவான கருவிகளின் துணைக்கோள்கள், தரைநிலையம் ஒன்று பார்வையில் இருந்தால்தான் சேதியைக் கடத்தும். நடுக்கடலில் தரைநிலையத்துக்கு எங்கே போவது? ‘இரிடியம்’ என்னும் 66 துணைக்கோள்களோ சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் துருவம் வரை சுற்றி, தமக்குள்ளேயே சேதியைக் கைமாற்றிக்கொள்கின்றன. விலை கூடத்தான். எனினும் அதையே எடுத்தோம்.

அடுத்து நடந்தது பெரிய வாக்குவாதம். எத்தனை மணிக்கொரு தடவை இடத்தைச் சொல்லவேண்டும்? எட்டு மாதத்தை 240 நாள் என்று கொண்டால், நான்கு மணிக்கொரு தடவை 1,440 சேதிகள்; மணிக்கொரு தடவை 5,760. ஒவ்வொன்றுக்கும் காசு, ஒவ்வொன்றுக்கும் பேட்டரி. “நாலு மணிக்கொரு தடவை போதும்” என்று சிக்கனக் கட்சி வாதாடியது. அப்போது எங்கள் தோழி ஒருத்தி பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்தாள். படகு மணிக்கு 6 கடல்மைல் ஓடுமானால், கடைசிச் சேதிக்குப் பின் ஒரு மணியில் அது 6 மைல் வட்டத்துக்குள் இருக்கும். நான்கு மணியில் 24 மைல் வட்டத்துக்குள். தேடவேண்டிய பரப்பு 113 சதுர மைலா, 1,810 சதுர மைலா? பதினாறு மடங்கு! சிக்கனக் கட்சி வாயடைத்துப்போயிற்று.

அவள் அதிகம் பேசாதவள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது நாங்கள் இரண்டாம் வகுப்பில் இருந்தோம். அவளுடைய சித்தப்பா தங்கு கடலுக்குப் போயிருந்தார். கரையிலிருந்து ஒயர்லெஸ் எட்டாத தூரம். படகும் வரவில்லை, அவரும் வரவில்லை. எங்கே தேடுவது என்பதுதான் அன்று கடற்கரையில் எல்லாரும் கேட்ட கேள்வி.

கருவியை எங்கே மாட்டுவது என்பதற்கு விடை தந்தவர் கமாண்டர் அபிலாஷ் டோமி. பழைய பந்தயத்தின் 50-ஆம் ஆண்டு நினைவாக 2018-இல் நடந்த பந்தயத்தில், ‘சுஹைலி’யைப் போலவே கோவாவில் கட்டிய ‘துரியா’வில் அவர் சென்றார். வழி அறிய ஜி.பி.எஸ். பார்க்கக்கூடாது என்பது அங்கே விதி. ஆனால் கரையில் உள்ளவர்கள் பார்க்கக் கண்காணிப்புக் கருவி உண்டு. செப்டம்பர் 21 அன்று தென் இந்துமாக்கடல் புயலில் படகு உருண்டு பாய்மரங்கள் முறிந்தன. முதுகெலும்பு அடிபட்டு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவசரப் பையில் இருந்த மாற்றுத் தொலைபேசியைக் கையால் எட்ட முடியவில்லை. குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றே எட்டியது. மூன்றாம் நாள், 24-ஆம் தேதி, ‘ஒசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. (2023-இல் அதே பந்தயத்தை இரண்டாவதாக வந்து முடித்தார்! முதலில் வந்தவர் கிர்ஸ்டன் நொய்ஷேஃபர் என்னும் தென்னாப்பிரிக்கப் பெண்மணி.) ஆகவே எங்கள் அட்டைப் படகில் செய்திக் கருவியைப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டினோம். ஏரியல் மட்டும் வெளியே.

இரண்டாவதாக, 406 மெகாஹெர்ட்ஸில் கூவும் அபாயக் கருவி ஒன்று தனியாக. கண்காணிப்புக் கருவி நின்றுபோனால் பேட்டரி தீர்ந்ததா, படகு கவிழ்ந்ததா என்று யார் சொல்வது? இதுவோ ஆபத்தில் மட்டுமே பேசும். 48 மணி நேரம் விடாமல் பேசும்.

கண்காட்சியன்று அந்தத் தோழியின் தந்தை வந்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மக்களே, நான் அமுக்கினது கரைக்குப் போய்ச் சேந்துதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அதே கேள்வியை அவர் மகள் முதல் நாளே எங்களிடம் கேட்டிருந்தாள். ஐரோப்பியரின் ‘கலிலியோ’ துணைக்கோள்கள் 2020 முதல் ‘கேட்டது’ என்று பதில் அனுப்புவதையும், நம் இஸ்ரோவின் புதிய அபாயக் கருவியும் அவ்வாறே பதில் தருவதையும் அவளே அவருக்கு விளக்கினாள். அவர் அட்டைப் படகின் முன்னே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு அதன் விலை என்ன என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.