டிசம்பர் 26

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 இரவு, வெண்மணித் தியாகிகளுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு விடியும்வரை பேசிக்கொண்டிருப்பது எங்கள் வாசிப்பு வட்டத்தின் பழக்கம். போன முறை நள்ளிரவு தாண்டியதும் ஒரு மாணவி கேட்டார்: "தேதி மாறிடுச்சு. இன்னைக்குத்தான் லிங்கன் உத்தரவுல 38 பேரைத் தூக்குல போட்டாங்க, தெரியுமா தோழர்?"

எங்கள் அறைச் சுவரில் அம்பேத்கர், புலே படங்களுக்குப் பக்கத்தில் லிங்கனும் இருக்கிறார். புலே வழியாக வந்தவர். 1873இல் 'குலாம்கிரி'யை, கறுப்பின அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குத்தானே புலே காணிக்கையாக்கினார்? அன்றிரவு யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த சில வாரங்கள் உட்கார்ந்து படித்தோம்.

1862 மே மாதம் லிங்கன் ஒரு நிலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்து ஆண்டு தங்கிப் பயிர்செய்தால் 160 ஏக்கர். சிறு கட்டணம் மட்டும். பட்டாவுக்காக அலைகிற மக்களோடு வேலை செய்யும் எங்களுக்கு முதலில் அது கனவுச் சட்டமாகத்தான் தெரிந்தது. யாருடைய நிலம் என்று கேட்க எங்களுக்கே நேரம் பிடித்தது.

மின்னசோட்டாவில் டகோட்டா மக்கள் 1851 ஒப்பந்தங்களில் பெருநிலத்தை இழந்து ஆற்றோரத் துண்டு ஒன்றில் ஒடுங்கியிருந்தார்கள். 1858இல் அதிலும் பாதி போயிற்று. வேட்டைநிலம் போனபின், அரசு தரும் ஆண்டுத்தொகையை நம்பித்தான் சாப்பாடு. 1862 கோடையில் அந்தப் பணம் நேரத்துக்கு வரவில்லை. வணிகர்கள் கடனுக்குத் தானியம் தர மறுத்தார்கள். ஆகஸ்டில் போர் வெடித்தது. நூற்றுக்கணக்கான குடியேறிகள் கொல்லப்பட்டார்கள், குழந்தைகளும்தான். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

சில வாரங்களில் போர் அடங்கியது. இராணுவ விசாரணைக் குழு, வழக்கறிஞர் இல்லாமல், சில வழக்குகளைச் சில நிமிடங்களிலேயே முடித்து 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. எல்லோரையும் தூக்கிலிடச் சொல்லி மாநில அரசியல்வாதிகள் நெருக்கியபோதும், லிங்கன் ஆவணங்களை வரவழைத்துப் பெரும்பாலோரின் உயிரைக் காத்தார். மிஞ்சிய 38 பேர் 1862 டிசம்பர் 26 அன்று மான்கேட்டோ நகரில் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆறு நாள் கழித்து, ஜனவரி 1, அடிமை விடுதலைப் பிரகடனம். அதே கையெழுத்து.

தூக்குமேடையைவிட அதன் பின்னால் நடந்ததுதான் எங்களை அதிகம் உறுத்துகிறது. போரிடாத பெண்கள், முதியவர்கள், குழந்தைகள் என 1,600 பேர் அந்தக் குளிர்காலம் முழுக்க ஸ்னெல்லிங் கோட்டையடியில் அடைக்கப்பட்டார்கள். நோயில் பலர் செத்தார்கள். 1863இல் ஒப்பந்தங்களை ரத்து செய்து, டகோட்டா மக்களை மாநிலத்தை விட்டே வெளியேற்றச் சட்டம் போட்டார்கள். நிலம் காலியாகிவிட்டது. உண்மையில், காலியாக்கினார்கள்.

1866இல் கறுப்பினப் படைப்பிரிவுகளை அமைத்து மேற்கே அனுப்பினார்கள். நேற்றுவரை அடிமையாயிருந்தவர் கையில் துப்பாக்கி, எதிரே பூர்வகுடி. இதைப் பேசும்போதுதான் அறை சூடானது. "கடைசியில பழி ஒடுக்கப்பட்டவன் தலையிலயா?" என்றார் ஒருவர். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

படத்தைக் கழற்றவில்லை. கீழே இரண்டு தேதிகளையும் எழுதி ஒட்டினோம். அது போதாது என்கிறார் அந்த மாணவி. இந்த டிசம்பரில் வெண்மணியின் 44 பெயர்களைப் படித்து முடித்ததும், நள்ளிரவுக்குப் பின் அந்த 38 பெயர்களையும் படிக்கப்போகிறோம். டகோட்டா உச்சரிப்பு எங்கள் யாருக்கும் வரவில்லை. அவர் பழகிக்கொண்டிருக்கிறார்.