நீ இப்ப என்ன நாவல் படிக்கிறே?

"நீ இப்ப என்ன நாவல் படிக்கிறே?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது புத்தகப் பழக்கம் உள்ள வீடுகளில் "சாப்பிட்டாச்சா" மாதிரி. நமக்கு அப்படி இல்லை. கேட்பதற்கு ஓர் ஆள் வேணும். பதில் சொல்லப் புத்தகம் வேணும். அதை விரிச்சி வைக்க வெளிச்சமும், யாரும் வேலைக்குக் கூப்பிடாத ஒரு மணி நேரமும் வேணும். இது நாலும் ஒண்ணாக் கூடி வர்றதுக்கு எங்க குடும்பத்துல என் தலைமுறை ஆயிடுச்சி.

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் ஒரு நகரத்து வாசகர் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வட்டமாக நாற்காலி போட்டு, ஒவ்வொருவரும் தாங்கள் படித்துக்கொண்டிருக்கும் நாவலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார்கள். என் முறை வந்தபோது 'குற்றமும் தண்டனையும்' என்றேன். இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். கூட்டத்தை நடத்தியவர் குறுக்கே வந்தார். "நீங்க பாமாவோட 'கருக்கு' பத்திப் பேசுவீங்கன்னு நெனச்சேம்மா. அனுபவத்துலேருந்து சொன்னா நல்லா இருக்குமே" என்றார். எனக்கு முன்னால் பேசியவர் மார்க்வெஸ் பற்றிப் பேசினார். அவரிடம் யாரும் அனுபவம் கேட்கவில்லை.

நான் பேச வந்ததே அனுபவம்தான். ரஸ்கோல்னிகோவ் அடகு வைக்கப் படியேறும்போது அவனுக்கு உண்டாகும் கூச்சம் எனக்குத் தெரியும். எங்க அம்மாவோட தோடு என் கல்லூரிக் கட்டணத்துக்காக எத்தனை தடவை அடகுக் கடை ஏறி இறங்கியிருக்கு! தஸ்தயெவ்ஸ்கியை எங்க அம்மா தோட்டை வைத்துப் படிக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. உலக நாவல் அவர்களுக்கு, தலித் எழுத்து நமக்கு என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்கிலும் நாம் விமர்சகர் கிடையாது, சாட்சி. கூண்டில் ஏறி, "ஆமாங்க, இப்படித்தாங்க நடந்துச்சி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். தீர்ப்பு எழுத வேறு ஆள் இருக்கிறார்கள்.

அதன்பிறகு எங்கள் பக்கமே ஒரு வட்டம் தொடங்கினோம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனி. மேலே தகரம் போட்ட படிப்பகம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, விளக்கு வைக்கிற நேரம். வருகிறவர்களில் கல்லூரிப் பிள்ளைகள், கரும்பு வெட்டப் போகிறவர்கள், களையெடுத்துவிட்டு வரும் பெண்கள், இயக்கத் தோழர்கள் எல்லாரும் உண்டு. சட்டம் இரண்டுதான். ஒன்று, படித்து முடிக்காத நாவலைப் பற்றித்தான் பேச வேண்டும். முடித்தவர் தீர்ப்பு சொல்லத் தொடங்கிவிடுகிறார். பாதியில் இருப்பவர் சந்தேகம் கேட்கிறார். நமக்குச் சந்தேகம்தான் வேணும். இரண்டாவது, ஒருத்தர் படிக்க இன்னொருத்தர் காதால் கேட்டிருந்தாலும் அதுவும் படித்ததுதான். எழுத்துத் தெரியவில்லை என்று யாரையும் வெளியில் உட்கார வைக்கக் கூடாது.

எங்களிடம் பெரும்பாலும் ஒரு நாவலுக்கு ஒரு பிரதிதான். யார் வீட்டில் எது இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வோம். சில புத்தகத்தில் குழம்புக் கறை, சில புத்தகத்தில் மழை. 'பிறகு'வின் அட்டை போயே போச்சு.

அந்த வட்டத்தில் பேசியதில் சிலவற்றைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஐடிஐ படிக்கும் தம்பி ஒருத்தன் 'வெக்கை' எடுத்துப் போனான். 2019இல் வந்த 'அசுரன்' படம் பார்த்த சூட்டில் எடுத்தது. அடுத்த கூட்டத்தில், "அக்கா, படத்துல பஞ்சமி நெலம் வருதே, புக்குல எங்க?" என்று கேட்டான். பூமணி அந்த நாவலை 1982இல் கொண்டுவந்தார். அதில் பஞ்சமி நிலம் கிடையாது. இன்ன சாதி என்றுகூடச் சொல்லவில்லை. ஒருத்தனை வெட்டிவிட்ட பதினைந்து வயசுப் பையன் அப்பனோடு காடு கரடெல்லாம் மறைந்து திரிகிறான். எங்கே சமைப்பது, எங்கே படுப்பது, இதுதான் நாவல். தம்பி சொன்னான்: "புக்குல அவன் பயப்படறது தெரியுதுக்கா. அப்பன் அவனுக்குச் சோறு பொங்கிப் போடறது தெரியுது. படத்துல சண்டதான் எனக்கு ஞாபகம் இருக்கு." ஆனாலும் படம் கிளப்பிய கேள்வியை அவன் விடவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்கீர் 1891இல் கொடுத்த அறிக்கை, அதன் பேரில் 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க வந்த ஆணை, அந்த நிலத்தை வெளி ஆட்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை எல்லாவற்றையும் அன்றைக்குப் பேசினோம். அடுத்த வாரமே அவனும் இன்னும் இரண்டு பேரும் தாலுகா ஆபீசில் பழைய பதிவேடு பார்க்க மனு எழுதினார்கள். ஒரு நாவல், ஒரு படம், ஒரு மனு. இலக்கியம் வேறு, போராட்டம் வேறு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மனுதான் ஞாபகம் வருகிறது.

கரும்பு வெட்டும் அண்ணன் ஒருவருக்கு அவர் மகள் 'எரியும் பனிக்காடு' படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, 1969இல் 'ரெட் டீ' என்று வந்த நாவல். இரா. முருகவேள் 2007இல் தமிழுக்குக் கொண்டுவந்தார். கருப்பனும் வள்ளியும் பஞ்சத்துக்குப் பயந்து, மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். கரும்பு அண்ணன் கேட்டது ஒரே கேள்வி. "மேஸ்திரி நோட்டுல நம்ம பேருக்கு நேரா என்னா எழுதறான்னு நமக்குக் காட்டவே மாட்டான். இதுல காட்டறானா?" மகள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. "பாத்துச் சொல்லு" என்றார். மறுமாதம் வெட்டுக்குப் போகும்போது அவரே தனியாக ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டார். கணக்கை மகள் எழுதினாள்.

இதெல்லாம் நமக்கு இனிப்பான கதை. நாம் அடிபட்டவர்களாகவும் எதிர்த்தவர்களாகவும் வரும் நாவலைப் பேசுவதில் யாருக்கும் சங்கடம் இல்லை. சங்கடம் வேறு ஒரு நாவலில் வந்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வண்ணார் வீடு உண்டு. புதிரை வண்ணார். காலனிக்கு வெளுத்தவர்கள், தீட்டுத் துணி எடுத்தவர்கள், பிரசவத்துக்கும் சாவுக்கும் கூப்பிட்டால் வர வேண்டியவர்கள். அந்த வீட்டுப் பெண் கல்லூரியில் இரண்டாம் வருஷம். மூன்று கூட்டம் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் பேசாமல் போயிற்று. நாலாவது கூட்டத்தில் தன் முறை வந்ததும், "நான் இமையத்தோட 'கோவேறு கழுதைகள்' படிச்சிக்கிட்டிருக்கேன்" என்றது.

கூட்டம் அப்படியே நின்றுபோனது. படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். 1994இல் வந்த நாவல் அது. ஆரோக்கியம் என்ற வண்ணாத்தி, அவள் புருஷன் சவுரி. பறத்தெருவுக்கு உழைத்துத் தேய்கிற குடும்பம். ஊர்க்காரனைப் பார்த்து நாம் சொல்ல வைக்கப்பட்ட 'சாமி' என்ற சொல்லை ஆரோக்கியம் நம்மைப் பார்த்துச் சொல்கிறாள். வந்த காலத்தில் தலித் எழுத்தாளர்கள் மத்தியிலேயே அந்த நாவலுக்குக் கடுமையான எதிர்ப்பு இருந்தது.

இயக்கத்து அண்ணன் ஒருவர் எழுந்தார். "தங்கச்சி, அத நீ தனியாப் படி. இங்க வேணாம். ஊர்க்காரன் அதத்தான் காட்டுறான், 'உங்களுக்குள்ளயே ஏத்த எறக்கம் இருக்கு, எங்கள மட்டும் ஏன் கேக்கறீங்க'ன்னு. நாமளே அவனுக்குக் கம்பு எடுத்துக் கொடுக்கணுமா?"

அவர் பேச்சை லேசாகத் தள்ளிவிட முடியாது. அவர் மேல் வழக்கு இருக்கிறது, அடிபட்ட தழும்பு இருக்கிறது. ஊர்க்காரன் அப்படிக் கேட்கிறான் என்பதும் உண்மை.

அந்தப் பெண் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே பேசியது. "அண்ணே, ஆரோக்கியம் ராச்சோறு எடுக்கப் போறா. எங்க ஆயா இந்தத் தெருவுல எடுத்துச்சி. எங்க அம்மா நிறுத்திடுச்சி. அந்தச் சட்டி இன்னும் எங்க வீட்டுல கெடக்கு. இங்க முடிக்காததப் பத்தித்தான் பேசணும்னீங்க. நான் நாப்பதாம் பக்கத்துல இருக்கேன். மேல படிக்கவா, வேணாமா?"

யாரும் பதில் பேசவில்லை. கடைசியில் களையெடுக்கப் போகும் ஒரு பெரியம்மாதான் வாயைத் திறந்தது. அதற்கு எழுத்துத் தெரியாது. "ஒங்க ஆயாவுக்கு எங்க வூட்டுல பழசத்தான் போட்டோம். சுடுசோறு போட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. நீ படிடி, நாங்க கேக்கறோம்."

அந்த மாதமும் அடுத்த மாதமும் அந்த நாவலைச் சத்தமாகப் படித்தோம். மூன்று பேர் வருவதை நிறுத்தினார்கள். இரண்டு பேர் திரும்ப வந்தார்கள். இயக்கத்து அண்ணன் நிற்கவில்லை. வந்தார், சண்டை போட்டார், திரும்பவும் வந்தார்.

இந்தச் சண்டை நமக்குப் புதுசு இல்லை. அதற்கும் ஐந்து வருஷத்துக்கு முன்னால், 1989இல், சிவகாமி 'பழையன கழிதலும்' எழுதினார். அதில் காத்தமுத்து என்ற தலித் தலைவர் வருகிறார். ஆதிக்க சாதியிடம் அடிபட்டு வந்த தங்கத்துக்காக நிற்கிறார், அந்தத் தங்கத்தையே தன் பிடிக்குள் கொண்டுவந்துவிடுகிறார். அவருடைய மகள் கௌரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம் தலைவரை இப்படிக் காட்டலாமா என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. சிவகாமி 1997இல் அந்த நாவலுக்குள் தானே திரும்பப் போய் 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நாவல் எழுதினார். எழுதியவரே தன் எழுத்தைக் கேள்வி கேட்டது தமிழில் அடிக்கடி நடப்பதில்லை.

வீட்டு அழுக்கை ஊர்ப்பொதுவில் வெளுக்கக் கூடாது என்கிறார்கள். சரி. வெளுக்கிறவள் வீட்டுக்கதையை எங்கே வெளுப்பது? ஊர் நம்மைக் கேட்கும் கேள்விக்குப் பயந்து, தெருக்கோடி நம்மைக் கேட்கும் கேள்வியை அடக்கினால், நாம் ஊர் செய்ததைத்தான் செய்கிறோம். நாவல் படிக்கிற கூட்டத்துக்கு ஒரே அளவுகோல்தான் இருக்க முடியும் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கூட்டத்துக்குச் சங்கடமான நாவலை, அங்கே கடைசியில் உட்கார்ந்திருப்பவர், தைரியமாகப் பெயர் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அது அந்த நகரத்து நாற்காலி வட்டம்தான். நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்குச் சாதிச் சான்றிதழ் இழுத்துக்கொண்டிருந்தது. புதிரை வண்ணார் என்றால் பட்டியல் சாதி. வெறும் வண்ணார் என்று எழுதிவிட்டால் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் கணக்கு. நீங்கள் எந்த வண்ணார் என்று எப்படி நம்புவது என்று ஆபீசில் கேட்கிறார்கள். யாருக்கு வெளுத்தார்கள் என்று சொல்ல வேண்டியது நாம்தான். முன்பெல்லாம், நமக்கு எதுக்கு வம்பு என்று தெரு ஒதுங்கிவிடும். இந்தத் தடவை பதினோரு பேர் எழுதிக் கொடுத்தார்கள். பெரியம்மா கைநாட்டு வைத்தது. இயக்கத்து அண்ணன் கையெழுத்தும் அதில் இருக்கிறது. சான்றிதழ் இன்னும் வரவில்லை. ஆபீசுக்கு நடந்துகொண்டிருக்கிறோம்.

நான் இப்ப என்ன படிக்கிறேன் என்று கேட்பீர்கள். 'செடல்'. அதுவும் இமையம்தான், 2006இல் வந்தது. சின்ன வயசில் சாமிக்கு நேர்ந்துவிடப்பட்டுக் கூத்தாடியான ஒரு பெண்ணின் கதை. பாதியில் இருக்கிறேன். அவளை நேர்ந்துவிடும் இடத்தைப் படித்தபோது பெரியம்மா, "அவகிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?" என்றது. கேட்கவில்லை பெரியம்மா.

தோழர்களே, நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். முடிக்காததாக இருக்கட்டும். எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள், ஏன் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் வட்டத்தில் கடைசியாக உட்கார்ந்திருப்பவர் என்ன படிக்கிறார் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். எங்கள் நோட்டில் அடுத்துக் கேட்டு வைத்திருப்பவை தகழியின் 'தோட்டியின் மகன்', டேனியலின் 'பஞ்சமர்', ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்'. கைவசம் பிரதி இருந்தால் கொடுங்கள். கோடு போட்டிருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் எங்கே கோடு போட்டீர்கள் என்று பார்த்தே ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசலாம்.